வீட்டுக் கணினிக்கு நெடுநாள் உழைக்கும் இயங்குதளம்

வீட்டுக் கணினிக்கு இயங்குதளம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது திரையின் அழகையோ வேகத்தையோ அல்ல. பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த நாள் வரை வரும் என்பதைத்தான். நிலையான இயங்குதளம் என்று சொல்லும்போது அதில் மூன்று குணங்கள் அடங்கியிருக்கின்றன. வேலையின் நடுவே நின்றுபோகாமல் அது ஓட வேண்டும். இன்று இருந்த பொத்தான் நாளையும் அதே இடத்தில் இருக்க வேண்டும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள், வீட்டுக்காரர் தலையிடாமலேயே அடைபட வேண்டும். முதல் குணத்தைப் பொறுத்தவரை இன்றைய இயங்குதளங்களிடையே பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. தேர்வைத் தீர்மானிப்பவை மற்ற இரண்டும்தான். அவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போவது கடினம். ஓட்டையை அடைக்க நிரலில் மாற்றம் செய்ய வேண்டும். மாற்றம் செய்தால் புதுக் கோளாறு முளைக்கலாம். இந்தச் சிக்கலை ஓர் இயங்குதளம் எப்படிக் கையாளுகிறது என்று தெரிந்துகொண்டால், அது வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

லண்டன் வீடுகளில் இந்தக் கேள்வி அண்மையில் சூடுபிடிக்கக் காரணம் விண்டோஸ் 10. 2015 ஜூலை 29 அன்று வெளியான அந்த இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலியாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இன் பிற்பகுதியில்தான். எனவே அதற்கு முன் வாங்கிய மடிக்கணினி, திரையும் விசைப்பலகையும் பழுதில்லாமல் இருந்தாலும், மைக்ரோசாஃப்டின் கணக்கில் காலாவதியானதாகிவிட்டது. வீட்டுப் பயனர்களுக்காக 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புத் திருத்தம் தரும் ஏற்பாடு ஒன்று அறிவிக்கப்பட்டது. கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்க இசைந்தால் அது இலவசம், இல்லையேல் கட்டணம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளுக்கு இந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. பிரிட்டன் அந்தப் பகுதிக்குள் இல்லை.

பிரிட்டனின் சட்டமும் இந்த இடத்தில் கைகொடுப்பதில்லை. தயாரிப்புப் பாதுகாப்பு மற்றும் தொலைத்தொடர்பு உள்கட்டமைப்புச் சட்டம் 2022-இல் நிறைவேறி, அதன் பாதுகாப்பு விதிகள் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்தன. இணையத்தோடு இணையும் தொலைக்காட்சி, கைபேசி, கதவுமணிக் கேமரா போன்றவற்றை விற்பவர்கள், அவற்றுக்கு எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தம் வரும் என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் இந்த விதியிலிருந்து பொதுவாக விலக்கு தரப்பட்டிருக்கிறது. நானூறு பவுண்டு கொடுத்து மடிக்கணினி வாங்குபவர் அதற்குத் திருத்தம் முடியும் நாளைத் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இது சரியல்ல, கதவுமணிக்கு உள்ள பாதுகாப்பு, வங்கிக் கணக்கைத் திறக்கும் கருவிக்கும் வேண்டும்.

திருத்தம் வராத கணினியால் என்ன நேரும் என்பதை லண்டன் 2017 மே 12, வெள்ளிக்கிழமை அன்று பார்த்தது. வான்னகிரை என்ற பிணைத்தொகைப் பறிப்பு நிரல், விண்டோஸின் கோப்புப் பகிர்வுப் பகுதியில் இருந்த ஓர் ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தானாகவே தாவிப் பரவியது. யாரும் மின்னஞ்சலைத் திறக்கவோ இணைப்பைச் சொடுக்கவோ தேவைப்படவில்லை. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் 236 அறக்கட்டளைகளில் 80-க்குக் குறையாமல் பாதிக்கப்பட்டன. 595 குடும்ப மருத்துவர் நிலையங்களிலும் தொற்று நுழைந்தது. கிழக்கு லண்டனில் வைட்சேப்பலின் ராயல் லண்டன் மருத்துவமனையை நடத்தும் பார்ட்ஸ் ஹெல்த் அறக்கட்டளை, ஆம்புலன்ஸ்களை வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிட வேண்டியதாயிற்று. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அது போடப்படாமல் கிடந்ததுதான் அத்தனைக்கும் காரணம். பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். ஆதரவு நாள் முடியாமல் இருந்தால் மட்டும் போதாது, திருத்தம் வந்தவுடன் தானாகவே அமர்ந்துகொள்ளவும் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆதரவு முடிந்த பின்னும் பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பது செலவு மிகுந்த வழி. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தபோது, மேலும் ஓராண்டுக்குத் திருத்தங்கள் பெற பிரிட்டன் அரசு 55 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தது. அதன் பிறகும் 2016-இல் லண்டன் பெருநகரக் காவல்துறையிடம் சுமார் 27,000 கணினிகள் எக்ஸ்.பி.யிலேயே ஓடிக்கொண்டிருந்தன. அரசுக்குத் தனி ஒப்பந்தம் போட முடிந்தது. வெம்பிளியிலோ ஈஸ்ட்ஹாமிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது.

மறுபக்கமும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்று, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. மேற்கு லண்டன் ஆஸ்டர்லியிலிருந்து ஒளிபரப்பாகும் ஸ்கை நியூஸ் அன்று காலை நேரலையே தர முடியாமல் போனது. குடும்ப மருத்துவர்கள் பயன்படுத்தும் பதிவு முறையும் முடங்கியது. அந்தக் கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது; அதற்குள் லட்சக்கணக்கான கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. அந்த மென்பொருள் வீட்டுக் கணினிகளில் இருப்பதில்லை என்பதால் வீடுகள் தப்பின. ஆனாலும் பாடம் வீட்டுக்கும் பொருந்தும்: திருத்தம் வேகமாக வர வேண்டும், எல்லோருக்கும் ஒரே நொடியில் வரக் கூடாது, வந்தது கெடுத்தால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்காமல் எதையும் பயனரிடம் அனுப்பாத முறை, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளக் குடும்பத்தில், டெபியன் திட்டத்தில் முதிர்ந்தது. இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் தொடங்கிய டெபியனில், புதிய மென்பொருள் எதுவும் நேரடியாகப் பயனரிடம் போவதில்லை. முதலில் அது ‘நிலையற்ற’ கிளையில் நுழைகிறது. சில நாட்கள் பெரிய குறை தென்படாமல் இருந்தால் ‘சோதனை’க் கிளைக்குப் போகிறது. ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதனைக் கிளை உறையவைக்கப்படும். அதாவது புதுவரவு நிறுத்தப்பட்டு, பல மாதங்கள் பிழை களையும் வேலை மட்டும் நடக்கும். அது முடிந்த பிறகே ‘நிலையான’ பதிப்பு என்ற பெயரில் வெளியாகும். 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13-இல் ஏறத்தாழ 70,000 மென்பொருள் பொதிகள் இப்படி ஒன்றோடொன்று ஒத்துப்போகிறவையாகச் சோதிக்கப்பட்டு வந்தன.

வெளியான பின் அதில் எந்தப் பொதியின் பதிப்பும் பொதுவாக மாறுவதில்லை. பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அந்தத் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் ஒட்டித் தருகிறார்கள். கூரையில் உடைந்த ஓடு ஒன்றை மட்டும் மாற்றுவது போன்ற வேலை இது. கூரையையே பிரித்துப் போடுவதில்லை. 2014 ஏப்ரல் 7 அன்று வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை இதைக் கிட்டத்திலிருந்து காட்டும். இணையத் தொடர்பைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற நிரலில், எதிர்முனை கேட்ட நீளம் சரியானதா என்று பாராமலேயே நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிடும் பிழை இருந்தது. அந்த 64 கிலோபைட்டில் கடவுச்சொல்லும் இருக்கலாம், மறைகுறிச் சாவியும் இருக்கலாம். நிரலை எழுதியவர்கள் அதுவரை நடந்த எல்லா மாற்றங்களையும் சேர்த்து 1.0.1 ‘ஜி’ என்ற புதிய பதிப்பை வெளியிட்டார்கள். டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு 12.04 அந்தப் புதிய பதிப்பை எடுத்துக்கொள்ளவில்லை. தன்னிடம் இருந்த 2012-ஆம் ஆண்டின் 1.0.1 பதிப்பிலேயே அந்த நீளச் சரிபார்ப்பு உள்ளிட்ட பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் சேர்த்தது. தலைப்பு எண் 1.0.1 ஆகவே நின்றது. வாலில் இருந்த எண் 5.12 ஆக உயர்ந்தது. நிலையான பதிப்பு வைத்திருப்பவர்கள் முன்னெண் பழையதாக இருக்கிறதே என்று பதறத் தேவையில்லை. பாதுகாப்பைச் சொல்வது வால் எண்தான்.

இந்தத் தொழில்முறையை வீட்டுக்குக் கொண்டுவந்த முயற்சி லண்டனில் தொடங்கியது. தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் 2004 ஏப்ரலில் டெபியன் உள்ளிட்ட திட்டங்களில் உழைத்த பத்துப் பன்னிரண்டு நிரலாளர்களைத் தம் லண்டன் குடியிருப்புக்கு வரவழைத்தார். அந்தக் கூட்டத்திலிருந்து உருவானதே உபுண்டு. அதன் முதல் பதிப்பு அவ்வாண்டு அக்டோபர் 20 அன்று வெளிவந்தது. அதை உருவாக்கும் கனோனிக்கல் நிறுவனம் தேம்ஸ் கரையின் மில்பேங்க் கோபுரத்தில் பல ஆண்டுகள் இயங்கி, பின்னர் சதக் பகுதிக்கு இடம் மாறியது. உபுண்டுவின் எண் ஒரு தேதி: 24.04 என்றால் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. ஆனால் இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வருவது மட்டுமே நீண்டகால ஆதரவுப் பதிப்பு, சுருக்கமாக எல்.டி.எஸ். அதற்கு ஐந்தாண்டு திருத்தம் உண்டு. இடைப்பட்ட பதிப்புகளுக்கு ஒன்பதே மாதம்.

அந்த எல்.டி.எஸ். வரிசையில் முதலாவது 6.06. கணக்குப்படி அது 6.04 ஆக 2006 ஏப்ரலில் வந்திருக்க வேண்டும். தேதிக்குள் வெளியிடுவதை விட மெருகேற்றுவதே முக்கியம் என்று ஆறு வாரம் தள்ளிவைத்து, ஜூன் 1 அன்று வெளியிட்டார்கள். நல்ல முடிவு அது. இன்றும் அதே எச்சரிக்கை ஒரு விதியாக உள்ளே இருக்கிறது: ஒரு எல்.டி.எஸ். பதிப்பில் இருப்பவருக்கு அடுத்த எல்.டி.எஸ்.ஸுக்கு ஏறும் அழைப்பு ஏப்ரலில் வருவதில்லை. முதல் மூன்று மாதங்களின் பிழைகள் களையப்பட்டு, ‘புள்ளி ஒன்று’ பதிப்பு வந்த பிறகே வருகிறது. வீட்டுக்காரர் அந்த அழைப்புக்காகக் காத்திருப்பதே நல்லது. சாதாரணத் திருத்தங்கள் முதலில் சிறு பங்கினருக்கும், பிறகு படிப்படியாக மற்றவர்களுக்கும் போகின்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் காத்திருக்காமல் தாமாகவே நிறுவப்படுகின்றன.

இதில் அதிகம் சொல்லப்படாத ஒரு நுணுக்கம் உண்டு. ஐந்தாண்டு உத்தரவாதம் கனோனிக்கல் நேரடியாகப் பராமரிக்கும் முதன்மைப் பொதிகளுக்குத்தான். ஆர்வலர்கள் பராமரிக்கும் ஆயிரக்கணக்கான மற்றப் பொதிகளுக்கும் திருத்தம் வேண்டுமானால் உபுண்டு ப்ரோ என்ற சேவையில் பதிய வேண்டும். தனிநபர்களுக்கு ஐந்து கணினிகள் வரை இது இலவசம். மொத்த ஆதரவு பத்தாண்டாக நீள்கிறது. நிறுவிய அன்றே ஒருமுறை பதிந்துவிட்டால் மறந்துவிடலாம். சுபுண்டு, குபுண்டு போன்ற உறவு வகைகளின் எல்.டி.எஸ். பதிப்புகளுக்கு மூன்றாண்டே ஆதரவு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கேரளத்தின் அரசுப் பள்ளிகள் இந்த எல்.டி.எஸ். முறையைப் பெரிய அளவில் சோதித்துக் காட்டியிருக்கின்றன. அம்மாநிலத்தின் கைட் நிறுவனம் 18.04, 22.04 ஆகிய எல்.டி.எஸ். பதிப்புகளின் மேல் தன் பள்ளிப் பாடத்துக்கான மென்பொருள்களைச் சேர்த்து வழங்கியிருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் கணினி வல்லுநர் ஒருவர் உட்கார்ந்திருக்க முடியாது. அதனால்தான் அடிக்கடி மாறாத அடித்தளம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. வீட்டின் நிலையும் அதுவே.

விண்டோஸ் பழகிய கைக்கு உபுண்டுவை விட லினக்ஸ் மின்ட் எளிது. 2006-இல் தோன்றிய அதன் முதன்மை வகை, 2014-இலிருந்து உபுண்டுவின் எல்.டி.எஸ். பதிப்பை மட்டுமே அடித்தளமாகக் கொள்கிறது. கீழே இடப்பக்க மூலையில் பட்டியல், வலப்பக்கம் கடிகாரம் என்று திரையின் தோற்றம் பல ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. டைம்ஷிஃப்ட் என்ற கருவி அதனுடன் சேர்ந்தே வருகிறது. அதை ஒருமுறை அமைத்துவிட்டால் இயங்குதளத்தின் நிலையைக் குறித்த இடைவெளியில் பதிந்து வைக்கும். ஒரு புதுப்பிப்பு கெடுத்துவிட்டால் முந்தைய நாளின் நிலைக்குத் திரும்பிவிடலாம். புகைப்படங்களையும் கடிதங்களையும் அது சேமிப்பதில்லை. அவற்றுக்கு வெளி வன்தட்டில் தனி நகல் வேண்டும்.

உலாவியைத் தவிர வேறெதையும் திறக்காத வீடுகளும் உண்டு. தாத்தா பாட்டி காணொளி அழைப்பில் பேரப்பிள்ளைகளைப் பார்க்கவும் செய்தி படிக்கவும் மட்டும் கணினி என்றால், பராமரிப்பு மிகக் குறைவானது கூகுளின் இயங்குதளம் கொண்ட குரோம்புக்தான். அதன் வட்டில் இயங்குதளத்துக்கு இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது, புதிய பதிப்பு மற்றொன்றில் சத்தமில்லாமல் எழுதப்படுகிறது. அடுத்த முறை இயக்கும்போது இடம் மாறுகிறது. புதியது எழும்பவில்லையென்றால் பழையதற்கே திரும்பிவிடுகிறது. 2021 முதல் வெளியான மாதிரிகளுக்குப் பத்தாண்டு புதுப்பிப்பு உண்டு என்று கூகுள் 2023-இல் அறிவித்தது. பழைய விண்டோஸ் கணினியையே இப்படி மாற்ற 2022-இல் வந்த குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ் உதவும், அதில் ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடா. கூகுள் கணக்கு இல்லாமல் இவற்றின் முழுப் பயனைப் பெற முடியாது. அதை விரும்பாதவர்களுக்கு மின்ட்தான் வழி.

மேக் வைத்திருப்பவருக்குத் தேர்வு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆப்பிள் வழக்கமாக நடப்புப் பதிப்புக்கும் அதற்கு முந்தைய இரண்டுக்கும் திருத்தம் தருகிறது; முடிவு நாளை முன்கூட்டி அறிவிப்பதில்லை. இன்டெல் செயலி கொண்ட மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு 2025-இல் வந்த டாஹோ. விண்டோஸ் 11-க்குத் தகுதியுள்ள கணினி வீட்டில் ஏற்கெனவே இருந்தால், அதை வலிந்து மாற்ற வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு வரும், வீட்டுப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் 24 மாத ஆதரவு உண்டு. வருவதை ஏற்றுக்கொண்டே போனால் போதும்.

லண்டன் வீடொன்றின் அன்றாட வேலைகளில் பெரும்பாலானவை இன்று உலாவிக்குள் நடப்பவை. வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, கவுன்சில் வரி, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், பி.பி.சி. ஐபிளேயர் எல்லாம் லினக்ஸிலும் உலாவி வழியே நடக்கும். ஆவணங்களுக்கு லிப்ரே ஆபீஸ் போதும். அதன் இயல்பான கோப்பு வடிவமான ஓ.டி.எஃப்.பையே பிரிட்டன் அரசு 2014 ஜூலையில் திருத்தக்கூடிய ஆவணங்களுக்கான தரமாக ஏற்றது. போட்டோஷாப், மேசைக் கணினிக்கான மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், ஏமாற்றுத் தடுப்பு நிரலுடன் வரும் சில இணைய விளையாட்டுகள், தேர்வுகளுக்கான சில பூட்டு உலாவிகள் ஆகியவை லினக்ஸில் ஓடா. வீட்டில் யாருக்காவது இவை கட்டாயம் என்றால் அந்த ஒரு கணினியில் விண்டோஸ் இருக்கட்டும்.

தமிழில் எழுதுவதில் தடையில்லை. உபுண்டுவிலும் மின்டிலும் அமைப்புகளில் தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒலிபெயர்ப்பு முறை வேண்டுவோர் எம்17என் என்ற பொதியை நிறுவினால் கிடைக்கும். ஈழத்தமிழர் வீடுகளில் வேறொரு சிக்கல் எழும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய மலர்கள், அழைப்பிதழ்கள், சங்கக் கடிதங்கள் புதிய இயங்குதளத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிடவில்லை; எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பழைய கணினியை அழிக்கும் முன் விண்டோஸின் எழுத்துரு அடைவிலிருந்து பாமினியை நகலெடுத்து வைத்துப் புதியதில் நிறுவினால் எல்லாம் மீண்டும் தமிழாகும். நாள்பட வைத்திருக்க வேண்டியவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது மேல்.

பழைய கணினிக்கு லினக்ஸ் போடுவதால் வேகம் தானாக வந்துவிடாது. உபுண்டு 24.04 மேசைப் பதிப்புக்கு 4 ஜி.பி. நினைவகமாவது வேண்டும், 8 இருந்தால் நிம்மதி. சுழலும் வன்தட்டு இருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்துவது, வேறெந்த மாற்றத்தையும் விட வேகத்தைக் கூட்டும். ஒரு மடிக்கணினி தன் ஆயுளில் உண்டாக்கும் கரிம உமிழ்வின் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது. எனவே ஐந்தாண்டு கூடுதலாக உழைக்கவைப்பது புதியதை வாங்குவதை விடச் சூழலுக்கும் நல்லது. லண்டனில் ரீஸ்டார்ட் ப்ராஜெக்ட் என்ற தொண்டு நிறுவனம் 2012 முதல் பொதுமக்கள் தம் கருவிகளைத் தாமே பழுதுபார்க்கும் கூட்டங்களை நடத்திவருகிறது. 2022-இல் அது பங்காளிகளுடன் சேர்ந்து கேம்டனிலும் ப்ரென்ட்டிலும் பழுதுநீக்கும் கூடங்களைத் திறந்தது. தமிழர்கள் திரளாக வாழும் வெம்பிளி, ப்ரென்ட் பகுதிக்குள்தான் இருக்கிறது.

மாற்ற முடிவெடுத்தவர் முதலில் கோப்புகள் அனைத்தையும் வெளி வட்டில் நகலெடுக்க வேண்டும். விண்டோஸ் வட்டு பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் எழுதி வைக்க வேண்டும். பிறகு உபுண்டு அல்லது மின்டின் கோப்பை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி, 8 ஜி.பி. அல்லது பெரிய பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியை இயக்க வேண்டும். ‘நிறுவாமல் பார்’ என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால் வட்டில் எதுவும் எழுதப்படாது. அந்த நிலையிலேயே வை-ஃபை, ஒலி, கேமரா, அச்சுப்பொறி நான்கையும் சோதிக்கலாம். மூடியை மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா என்றும் பார்க்கலாம். எல்லாம் ஒத்துவந்தால் நிறுவலாம். ஒத்துவராவிட்டால் கணினியை நிறுத்தி, பென் டிரைவைக் கழற்றி மறுபடி இயக்கினால் போதும். பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.